நெல்லா காசா

அண்ணன் மெட்ராஸிலிருந்து திரும்பி வந்தபோது எங்கள் தெருவில் யாருக்கும் சந்தோஷமாக இல்லை. பொங்கலுக்கு இன்னும் நாள் இருந்தது. லீவு கிடைக்காத மாதத்தில், டிரங்குப் பெட்டியும் சுருட்டின பாயுமாக ஒருவன் கீழ்வேளூர் ஸ்டேஷனில் இறங்கி வரப்பு வழியாக நடந்து வருகிறான் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த வருஷம், எழுபத்துமூன்றில், எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெட்டியோடு வந்தால் திரும்பிப் போவான். பாயையும் கொண்டுவந்தவனுக்குப் போவதாக உத்தேசம் இல்லை.

அம்மா வாசலில் உட்கார்ந்து முறத்தில் ரேஷன் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்காமலே கேட்டாள்.

"என்னடா, சொல்லாம கொள்ளாம?"

"மில்லு நின்னுபோச்சும்மா."

"மூடிட்டாங்களா?"

"மூடலை. லே ஆஃப். கரண்ட் இல்லை. வாரத்துல பாதி நாளு மிஷின் சும்மா நிக்குது. ஓடின நாளைக்கு ஓட்டின நூலும் குடோன்ல தேங்கிக் கெடக்கு, வாங்க ஆளில்லையாம். ஊருக்குப் போங்க, கூப்பிட்டு விடறோம்னுட்டாங்க."

"எப்பக் கூப்பிடுவாங்க?"

அண்ணன் பெட்டியைக் கீழே வைத்தான். "கூப்பிடுவாங்களான்னே தெரியலை."

அதற்கு முந்தின வாரம்தான் தெருக்கோடி வீட்டுப் பையன் கோயமுத்தூரிலிருந்து இதே மாதிரி வந்திருந்தான். அதற்கும் முன்னால் திருச்சியில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர் குடும்பத்தோடு வந்து மாமனார் வீட்டில் இறங்கியிருந்தார். பத்து வருஷமாக ஊரை விட்டு ஒவ்வொருவராக வெளியே போனவர்கள் ஒரே கார்த்திகை மார்கழியில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். வருகிறவர்களைப் பார்த்து அம்மா ஒருநாள், "சோறு எத்தனை பேருக்கு வடியும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அண்ணன் வந்தபிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நாங்கள் கூலிக்காரக் குடும்பம். அப்பாவும் அம்மாவும் ஊர் மிராசுதார் ஒருவருடைய நிலத்தில்தான் நினைவு தெரிந்த நாளிலிருந்து நட்டார்கள், அறுத்தார்கள். எங்கள் ஆட்கள் முன்பெல்லாம் அவரை "ஆண்டே" என்றுதான் கூப்பிடுவார்களாம். விவசாயத் தொழிலாளர் சங்கம் வந்தபிறகு அது "ஐயா" ஆனது. அண்ணன் அதையும் சொல்லமாட்டான். எந்த வார்த்தையும் சொல்லிக் கூப்பிடாமலே அவரிடம் பேசிவிட்டு வந்துவிடுவான். அந்தச் சங்கடம் பொறுக்காமல்தான் அவன் மெட்ராஸுக்குப் போனான் என்று நினைக்கிறேன்.

நான் தஞ்சாவூரில் ஹாஸ்டலில் இருந்து பி.ஏ. பொருளாதாரம் படித்து முடித்திருந்தேன். எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள். எம்ப்ளாய்மெண்டில் பதிந்துவிட்டு வீட்டில் இருந்தேன். படிப்பு முடிந்து சும்மா இருக்கிற பெண்ணிடம் ஊர் என்ன கேட்கும்? கல்யாணம் எப்போது என்று கேட்கும். அந்த வருஷம் அதைக்கூட யாரும் கேட்கவில்லை. பேப்பர் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எங்கள் வாசலில் நின்று, "ஏம்மா, நீ இதுக்குத்தானே படிச்சே, இது எங்க போயி நிக்கும்?" என்று கேட்டார்கள்.

எனக்கு என்ன தெரியும்? மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. காலையில் சொன்ன விலை சாயங்காலம் இல்லை. சோப்பு, எண்ணெய், பருப்பு ஒவ்வொன்றாக எங்கள் வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தன. உரம் கிடைக்காமல் மிராசுதார்களே டெப்போ வாசலில் காத்துக் கிடந்தார்கள். அரபு நாட்டுக்காரர்கள் எண்ணெய் விலையை ஏற்றியதற்கும் எங்கள் ஊர் ரைஸ் மில்லில் டீசல் இஞ்சின் ஓடாததற்கும் இருக்கிற சம்பந்தத்தை அப்பாவுக்கு ஒருநாள் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அவங்க இறக்கிட்டா நம்ம மில்லு ஓடுமா?" என்றார். ஓடும் என்று சொல்ல எனக்கு தைரியம் இல்லை.

கல்லூரியில் முப்பதுகளின் பெருமந்தத்தைப் பற்றி நடத்தியிருந்தார்கள். விலை விழும், லாபம் விழும், ஆலை மூடும், ஆலை மூடினால் வேலை போகும், வேலை போனவன் எதையும் வாங்கமாட்டான், வாங்க ஆளில்லாததால் விலை இன்னும் விழும். எங்கள் ஆசிரியை அதை போர்டில் ஒரு வட்டமாகப் போட்டுக் காட்டினார். பரீட்சையில் நானும் அதே வட்டத்தைப் போட்டேன். அண்ணன் பாயோடு வந்து நின்றபோது அந்த வட்டம் எங்கள் வாசலைத் தொட்டுவிட்டது போலிருந்தது. ஆனால் ஒன்று மட்டும் பொருந்தவில்லை. வட்டத்தில் விலை விழுந்துகொண்டே போனது. இங்கே ஏறிக்கொண்டே போனது. வேலையும் போய் விலையும் ஏறினால் அதற்குப் பெயர் என்ன என்று நான் படித்த புத்தகத்தில் இல்லை. பெயர் தெரியாததாலேயே எனக்குப் பயம் அதிகமாக இருந்தது.

மார்கழி கடைசியில் மிராசுதார் வீட்டிலிருந்து ஆள் வந்தது. "ஐயா உங்க பொண்ணைக் கூட்டியாரச் சொன்னாரு. ஏதோ கேக்கணுமாம்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்தார்.

எங்கள் ஆட்கள் கொல்லைப்பக்கமாகப் போய்ப் பழகிய வீடு அது. அன்றைக்கு முன்வாசல் வழியாகவே வரச்சொன்னார். நாற்காலி ஒன்று கொண்டுவந்து போடச் சொன்னார். ஒன்றுதான் வந்தது. அப்பா நின்றார். அதனால் நானும் உட்காரவில்லை.

"உக்காரும்மா."

"பரவாயில்லீங்க."

அவர் வற்புறுத்தவில்லை. மடியில் பேப்பர் இருந்தது. மடித்து ஓரமாக வைத்தார்.

"நீ எகனாமிக்ஸ்தானே படிச்சே? ஒருத்தன் பஞ்சங்கறான். ஒருத்தன் மந்தங்கறான். நாடே திவாலாயிடும்னு எழுதறான் இன்னொருத்தன். முப்பதுல ஒண்ணு வந்துதே, அது மாதிரி வந்துடுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"எனக்கு அப்ப பத்து பதினோரு வயசு. பத்தாயம் நெறைய நெல்லு. வாங்க ஆளில்லை. பர்மா அரிசி கப்பல்ல வந்து எறங்குது, நம்ம நெல்லைச் சீந்துவாரில்லை. கிஸ்தி கட்டக் கையில காசு கெடையாது. மொதல்ல வெள்ளிப் பாத்திரம் போச்சு. அப்புறம் ஆத்தோரத்து நெலம் போச்சு. ஜப்தி பண்ண அமீனா வந்தப்ப எங்கம்மா சமையக்கட்டை விட்டு வெளியிலயே வரலை. வீடு கொள்ளாத நெல்லு இருக்கு, வாசல்ல ஜப்தி. அதைப் பாத்தவன் நான்."

அப்பா என் பக்கம் திரும்பாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதான் கேக்கறேன். இப்ப ஒரு பக்கம் நெலத்துக்கு உச்சவரம்புங்கறான், ஒரு பக்கம் சர்க்காருக்கு நெல்லை அளந்து போடு, லெவிங்கறான். மிஞ்சறதை நெல்லா வெச்சிக்கணுமா, காசா வெச்சிக்கணுமா?"

"அப்ப வெலை விழுந்துச்சுங்க. இப்ப ஏறுது. ரெண்டும் வேறங்க."

"ஏறினது விழாதா?"

"விழலாங்க. எப்பன்னு சொல்லத் தெரியலை."

"இதெல்லாம் காலேஜுல சொல்லித்தர மாட்டாங்களா?"

"நடந்து முடிஞ்சதைத்தாங்க சொல்லித்தருவாங்க."

லேசாகச் சிரித்தார். ஆனால் அவருடைய விரல்கள் நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டே இருந்தன. என்னை ஆழம் பார்ப்பதற்காகக் கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அப்படி இல்லை. நிஜமாகவே பயந்துபோயிருந்தார். நிலமும் பத்தாயமும் இருக்கிறவரே பயந்தால் எங்கள் கதி என்ன?

திரும்பி வரும்போது வாய்க்கால் பாலத்தில் அப்பா நின்றார். "ரொம்ப பயப்படறாரு," என்றேன்.

"தெரியுது," என்றார் அப்பா. "மெரண்ட மாடுதான் முட்டும். பாத்து இருக்கணும்."

மூன்றாம் நாள் மிராசுதாரின் காரியஸ்தர் எங்கள் தெருமுனைக்கு வந்து, சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னார்: "இந்த அறுப்புக்குக் கூலி காசு. சர்க்கார் நெல்லுக்கு என்ன வெலை வெச்சிருக்கோ அந்தக் கணக்குல. லெவி அளந்தது போக நெல்லு மிச்சமில்லை."

வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. எங்களுக்கு அறுப்புக் கூலி என்றால் நெல்தான். அறுத்து, கட்டு சுமந்து, அடித்து, தூற்றி, களத்திலேயே மரக்காலால் அளந்து முந்தானையிலும் சாக்கிலும் வாங்கிக்கொண்டு வருவது. அந்த நெல்தான் சித்திரை வரைக்கும் அடுப்பில் ஏறும். சர்க்கார் விலைக்குக் காசை வாங்கி, கடை விலைக்கு அரிசி வாங்கினால் பாதிகூட வராது. அதுவும் கடையில் அரிசி இருந்தால். அடுத்த வாரம் அந்தக் காசுக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று யாராலும் சொல்லமுடியாத காலம்.

இன்னொன்றும் இருந்தது. எங்கள் பக்கத்தில் கூலி நெல் தகராறு என்றால் அது எதுவரைக்கும் போகும் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் பக்கத்து ஊரில் உள்ளே ஆட்களோடு குடிசைகள் எரிந்த தீயை தூரத்திலிருந்து பார்த்தவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். ஆனால் காரியஸ்தர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனதும் இரண்டு மூன்று வீடுகளில் குடங்களில் தண்ணீர் பிடித்துக் கூரையோரமாக வைத்ததைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே சங்கக் கொடிக்கம்பத்தடியில் எல்லோரும் கூடினார்கள். சங்கச் செயலாளரை நாங்கள் தோழர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே, அம்மாவோடு நடவுக்குப் போகிற ஒரு அக்கா என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"மூணு நாளைக்கு முன்னாடி உன்னை அவரு வீட்டுல நாற்காலி போட்டு உக்காத்தி வெச்சாராமே. என்ன சொல்லிட்டு வந்தே?"

எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. அப்படிப்பட்ட பார்வையை அதற்கு முன்னால் நான் எங்கள் தெருவில் பார்த்ததில்லை. ஹாஸ்டலிலிருந்து வந்தால் கையைப் பிடித்துக்கொண்டு விடாதவர்கள் அவர்கள்.

"அவ உக்காரலை," என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. "அவங்கப்பாவும் கூடத்தான் நின்னாரு. அவரைக் கேளு."

"நீ சொல்லும்மா," என்றார் தோழர்.

கேட்டதையும் நான் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சொல்லும்போது எனக்கே சந்தேகம் வந்தது. விலை ஏறுகிறது என்று நான் சொன்னதைக் கேட்டுத்தான் நெல்லைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறாரோ? அப்பா குறுக்கிட்டார். "வெலை ஏறுறது அவருக்கு நம்ம பொண்ணு சொல்லித்தான் தெரியணுமா? கூப்பிடறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டாரு. படிச்ச பொண்ணும் சொல்லிடுச்சுன்னு சொல்லிக்கறதுக்காகக் கூப்பிட்டாரு." அப்பா சங்கக் கூட்டத்தில் வாயைத் திறந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நெல்லாகத் தந்தால் ஒழிய யாரும் அரிவாளோடு வயலில் இறங்குவதில்லை என்று முடிவானது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் சொன்னான்: "எனக்குக் காசுதாம்மா வேணும்."

அம்மா அடுப்பில் சுள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

"மெட்ராஸ்ல நின்னாத்தான் மில்லு தெறக்கிற அன்னிக்கு உள்ள போக முடியும். இங்க இருந்தா என் எடத்துல வேற ஆளு ஏறிடுவான். அங்க நிக்கறதுக்குக் கையில காசு வேணும். நெல்லைத் தூக்கிக்கிட்டா போறது?"

"கையில வந்த காசு நிக்காம ஓடுறதை நீயுந்தானேடா பாக்குறே."

"ஓடட்டும். நான் இங்க உக்காந்து என்ன பண்றேன்? உங்க சோத்தைத்தான் திங்கறேன். சங்கம் எனக்கு மில்லைத் தெறந்து தருமா?"

"சோத்துக்குக் கணக்கு யாரும் கேக்கலையே," என்றார் அப்பா.

"கேக்கலை. அதாம்ப்பா தாங்கலை."

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு அண்ணன் மீது கோபம் வந்தது. அவன் சொன்னதில் தப்பும் தெரியவில்லை. போர்டில் பார்த்த வட்டத்துக்குள் என் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். எந்தப் பக்கம் காலை வைத்தாலும் யாரையாவது மிதிக்கவேண்டிய இடம்.

பொங்கல் போன நாலைந்து நாளில் கதிர் முற்றி உதிர ஆரம்பித்தது. சங்கத்து ஆள் ஒருவரும் இறங்கவில்லை. ஒருநாள் விடிந்து பார்த்தால் அண்ணன் படுக்கையில் இல்லை. கூரைக் கீற்றில் அம்மா செருகி வைத்திருந்த கருக்கரிவாளும் இல்லை. அம்மா அந்த இடத்தையே பார்த்தாள். பிறகு கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

ரோட்டோரம் லாரி ஒன்று நின்றது. வேதாரண்யத்துப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களை அதில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆணும் பெண்ணுமாக. அந்த வருஷம் மழை பின்னுக்கு நீண்டு பாத்தியெல்லாம் தண்ணீரில் கிடந்ததால் அவர்களுக்கு உப்பு வேலை தொடங்கவில்லை. உப்பு வெடித்த காலும் ஒட்டின வயிறுமாக, பழக்கமில்லாத கைகளால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் எங்கள் ஊருக்குத் திரும்பி வந்தவர்களில் நாலு பேர். அதில் ஒருவன் என் அண்ணன்.

வயலுக்கும் வரப்புக்கும் நடுவில் போலீஸ்காரர்கள் லத்தியோடு நின்றார்கள். வரப்பில் எங்கள் ஆட்கள். கொடி இருந்தது, சத்தம் இல்லை. சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது. கதிர் அறுபடுகிற 'சரக் சரக்' மட்டும் கேட்டது. எங்களில் சிலர் கையில் கம்பு வைத்திருந்தார்கள். அறுக்கிறவர்கள் எல்லோர் கையிலும் அரிவாள். யாராவது ஒருவர் ஒரு கல்லை எடுத்திருந்தால் போதும்.

அம்மா வரப்பில் வந்து நின்றதை அண்ணன் பார்த்துவிட்டான். நிமிரவில்லை. இன்னும் வேகமாக அறுத்தான். அவன் அறுக்கிற விதமே கோணலாக இருந்தது. கை மறந்துபோயிருந்தது.

அவனுக்குப் பக்கத்து வரிசையில் ஒரு உப்பளத்து அம்மா அறுத்துக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பை நிமிர்த்தி அவனிடம் என்னவோ கேட்டாள். அவன் பதில் சொன்னான். அவள் திரும்பவும் கேட்டாள். அண்ணன் அறுப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான். பிறகு கையில் பிடித்திருந்த கதிர் அரியைக் கீழே போட்டுவிட்டு நேராக எங்களைப் பார்த்து நடந்து வந்தான். ஒரு போலீஸ்காரர் லத்தியைக் குறுக்கே நீட்டினார். அண்ணன் லத்திக்கு அந்தப் பக்கமே நின்று எங்களைப் பார்த்துக் கத்தினான்.

"களத்துல மரக்கால் எத்தனை மணிக்கு வரும்னு கேக்கறாங்க. அவங்களுக்கு நெல்லாம்! நமக்குத்தான் காசு!"

அதற்குப் பிறகு நடந்தது கொஞ்ச நேரம்தான். ஆனால் என் உடம்பில் இன்னும் இருக்கிறது. வரப்பிலிருந்து ஆட்கள் சரசரவென்று இறங்கினார்கள். போலீஸ்காரர்கள் வரிசையை நெருக்கிக்கொண்டார்கள். உப்பளத்துக்காரர்கள் பயந்துபோய் வயல் நடுவில் ஒன்றாக ஒடுங்கினார்கள், அரிவாளைக் கீழே போடாமல். யாரோ ஒரு பெண் அலறினாள். தோழர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு எங்கள் ஆட்களைப் பின்னால் தள்ளினார். "அவங்க மேல கை வெச்சா எல்லாம் போச்சு! நில்லுங்க! நில்லுங்கய்யா!"

அந்தக் கூச்சலில் அம்மா இறங்கிப் போனதை யாரும் தடுக்கவில்லை. வெறும் கையோடு போகிற ஒரு பொம்பளையை என்ன செய்வது என்று போலீஸ்காரருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. அவள் நேராக அந்த உப்பளத்து அம்மாவிடம் போய் நின்றாள்.

"ஒனக்கு என்ன கூலி சொன்னாங்க?"

"நெல்லுதாங்க."

"யாரு சொன்னா?"

அந்த அம்மா அரிவாள் பிடித்த கையாலேயே களத்து மேட்டில் நின்ற காரியஸ்தரைக் காட்டினாள்.

மிராசுதார் அதற்குள் வந்துவிட்டார். குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. தோழர் அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"நெல்லு மிச்சமில்லேன்னு சொன்னீங்க."

மிராசுதார் காரியஸ்தரைத் திரும்பிப் பார்த்தார்.

"மிச்சமில்லாத நெல்லை இவங்களுக்கு எங்கேருந்து அளப்பீங்க?"

"என்னை என்ன பண்ணச் சொல்றே?" மிராசுதார் குரல் உடைந்து வந்தது. "காசுன்னா எவனும் வரமாட்டேங்கறான். ஊரு ஊரா ஆளு அனுப்பிட்டேன். நெல்லுன்னு சொன்னப்புறம்தான் லாரியில ஏறினான். இந்த நாட்டுல இப்ப காசு எவனுக்கும் வேண்டாம்!"

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. வரப்பில் நின்ற என் மேல் அவர் பார்வை ஒரு நிமிஷம் பட்டது. பிறகு விலகியது.

சப்-இன்ஸ்பெக்டருக்குக் கலவரம் ஆகாமல் முடிந்தால் போதும் என்றிருந்தது. அங்கேயே வரப்பில் பேச்சு நடந்தது. வெயில் ஏறும்வரை நடந்தது. நெல்லாகவே கூலி என்று மிராசுதார் ஒத்துக்கொண்டார். ஆனால் போன வருஷ அளவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதில் கொஞ்சம் குறைத்துத்தான் முடிந்தது. எங்கள் ஆட்களுக்கு அது பிடிக்கவில்லை. உதிர்கிற கதிரைப் பார்த்துக்கொண்டு மேலும் வாதாட அவர்களாலும் முடியவில்லை.

அடுத்த சண்டை எங்களுக்குள்ளேயே வந்தது. உப்பளத்துக்காரர்களை அதே லாரியில் திருப்பி அனுப்பவேண்டும் என்றார்கள். அம்மா கேட்டாள்: "வெறுங்கையோடயா?"

"அவங்க நம்ம வயித்துல அடிக்க வந்தவங்க."

"அது அவங்களுக்குத் தெரியாது. எம்மவனுக்குத் தெரியும். அவனே வந்தான்."

அண்ணன் காதில் அது விழுந்தது. அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். கடைசியில், அவர்கள் கைவைத்த வயலையும் அதை ஒட்டிய வயலையும் அவர்களே அறுத்து, கூலியை அளந்து வாங்கிக்கொண்டு போகட்டும் என்று முடிவானது. அத்தனை நாள் வேலை எங்களுக்குக் குறைந்தது. அந்த முணுமுணுப்பு அறுப்பு முடியும் வரைக்கும் ஓயவில்லை.

அண்ணன் எங்களோடு சேர்ந்து அறுத்தான். கையெல்லாம் கொப்புளம். அம்மா அவனுக்குப் பக்கத்து வரிசையில்தான் அறுத்தாள், ஒரு வார்த்தை பேசாமல். களத்தில் எங்கள் பங்கை அளந்து கொட்டியபோது அவன் சாக்கைப் பிடித்துக்கொண்டான். அவள் அள்ளிப் போட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில்தான், "கொப்புளத்துல வேப்பெண்ணெய் போடு," என்றாள்.

நெல் வந்துவிட்டது என்று பயம் போய்விடவில்லை. மாசியில் ரேஷனில் அரிசிக்குப் பதில் மைலோ என்று அமெரிக்கச் சோளம் போட்டார்கள், சிவப்பாக, மாட்டுத்தீவனம் மாதிரி. அம்மா அதைப் புதுநெல் அரிசியோடு கலந்து பொங்கினாள், நெல் கொஞ்சம் கூடுதல் நாள் தாங்கட்டும் என்று. இன்னும் சில பேர் ஊர் திரும்பினார்கள். மிராசுதார் கோடையில் ஒரு துண்டு நிலத்தை விற்றார். ஏன் விற்றார், அந்தக் காசை என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. பிறகு அவர் என்னைக் கூப்பிடவே இல்லை.

முப்பதுகளில் வந்த மாதிரி எதுவும் வரவில்லை. வரவில்லை என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்கு நிச்சயமானது. நான் ஒரு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, பட்டுக்கோட்டையில் தேங்காய் வியாபாரிகளுக்கு ரசீது எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள், அந்த வருஷத்தைப் பற்றி எங்கோ படித்தேன். விலையும் ஏறி வேலையும் போனதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இல்லை. அந்த மாதங்களில் பெருமந்தம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, கிட்டே வருமா என்று சொல்லக்கூடிய ஆள் ஒருவர்கூட இல்லை. மிராசுதாருக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை.

மில் ஒரு ஷிப்ட் மட்டும் ஓடப்போகிறது என்று மெட்ராஸிலிருந்து வந்த ஒருவர் வைகாசியில் சொன்னார். அண்ணன் மறுநாளே கிளம்பினான். வீட்டில் இருந்த நெல்லில் அவன் பங்கைக் கொடுத்தனுப்ப அம்மா ஆசைப்பட்டாள். ஆனால் அரிசியை ஜில்லா தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. கொள்ளிடம் பாலத்துக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்திப் பையைச் சோதிப்பார்கள். அம்மா நெல்லை ஊறவைத்து, வறுத்து, பக்கத்து வீட்டு அக்காவோடு சேர்ந்து உரலில் இடித்து அவலாக்கினாள், அவலை அரிசி என்று பிடிக்கமாட்டார்கள் என்று. கொடிக்கம்பத்தடியில் என்னிடம் கேள்வி கேட்டாளே, அதே அக்கா. இரண்டு பேரும் உலக்கையை மாற்றி மாற்றிப் போட்டார்கள்.

செக்போஸ்டில் போலீஸ்காரர் பையைத் திறந்து உள்ளே கையை விட்டாராம். "என்னய்யா இது?" என்று கேட்டாராம். அவல் என்று அண்ணன் சொன்னதும், ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டே, "புதுநெல்லா?" என்றாராம். ஆமாம் என்றானாம். பையைக் கட்டி அவன் மடியிலேயே வைத்துவிட்டு, அடுத்த சீட்டுக்குப் போய்விட்டாராம்.